மகாராணியிடம் பிரெஞ்சு படித்த டாக்டர்

மாண்ட்ரியாலுக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. வாத்தியார் வேலை பார்க்கப் போனேன். மாணவர் ஒரே ஒருவர். வயது நாற்பத்தாறு. என் அக்கா விசாலத்தின் கணவர், எங்கள் வழக்கப்படி எனக்கு மாமா. ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் அவர். அந்த மாகாணத்தில் அப்போதுதான் புதுச் சட்டம் வந்திருந்தது. தற்காலிக அனுமதியில் வேலை செய்யும் வெளிநாட்டு டாக்டர், கணக்காளர் எல்லாரும் பிரெஞ்சுத் தேர்வில் தேறினால்தான் அனுமதியை நீட்டிப்பார்கள். மாமா ஒரு தடவை போய்க் கோட்டை விட்டிருந்தார். இன்னொரு தடவையும் தோற்றால் ஊரை விட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பாண்டிச்சேரிக்காரியான அக்காவுக்கே பிரெஞ்சு தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. எங்கள் ஊர்க் குடும்பங்களில் அந்தக் காலத்தில் ஒரு பிள்ளையைப் பிரெஞ்சுப் பள்ளியிலும் அடுத்ததை இங்கிலீஷ் பள்ளியிலும் போடுவார்கள். நாளைக்கு எந்தக் கொடி பறந்தாலும் வீட்டில் ஒருவராவது பிழைத்துக்கொள்ளட்டும் என்ற கணக்கு. அக்காவுக்கு இங்கிலீஷ் வாய்த்தது, எனக்குப் பிரெஞ்சு. அவள் டாக்டரைக் கட்டிக்கொண்டு கடல் கடந்தாள். நான் உள்ளூர்ப் பெண்கள் பள்ளியில் பிரெஞ்சு டீச்சரானேன். கடைசியில் இங்கிலீஷைப் பிரெஞ்சு காப்பாற்ற வேண்டி வந்தது எனக்கு ரொம்பவே பெருமையாக இருந்தது. விமானத்தில் ஏறும்போதே கழுத்து சற்று நீண்டுவிட்டது.

என் பிரெஞ்சு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இலக்கணம் கான்வென்ட் கன்னியாஸ்திரீகள் போட்டது. பேசக் கற்றுக்கொடுத்தவர் ஒரு நடிகை. சனிக்கிழமைதோறும் எங்கள் ஊர் மன்றத்தில் பிரெஞ்சுப் படம் காட்டுவார்கள். பாரிஸிலிருந்து வரும் படப்பெட்டிகளில் பாதி அந்த அம்மாள் நடித்த சரித்திரப் படங்களாகவே இருக்கும். ராஜமாதா, நாடு கடத்தப்பட்ட சீமாட்டி, சிறையில் கிடக்கும் பட்டத்தரசி என்று எதிலும் அரண்மனைக்குக் குறைந்து அவர் இறங்கியதில்லை. எங்கள் தெருவில் அவருக்கு ராணியம்மா என்றே பெயர். அவர் வசனங்களை நான் தலைகீழாகச் சொல்வேன்.

விமான நிலையத்துக்கு என்னை அழைத்துப் போக வந்த மாமாவின் கார், நான் வெளியே வருவதற்குள் குளிரில் பிராணனை விட்டிருந்தது. மார்ச் மாதக் கடைசி. எங்கள் ஊரில் மாங்காய் வடு வந்திருக்கும். இங்கே பனி முழங்கால் உயரத்துக்குக் கறுத்துப்போய்க் கிடந்தது. டாக்சி பிடித்தோம். ஓட்டுநரிடம் நானே பேசினேன். அதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: “ஐயன்மீர், தங்களுக்கு இடர் இல்லையேல் எம்மை எம் இல்லம் சேர்ப்பிக்கும் பெருங்கருணை புரிவீர்களா?”

அவர் என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். என் கம்பளிக் கோட்டையும் அதற்குள்ளிருந்து எட்டிப் பார்த்த காஞ்சிபுரம் பார்டரையும் பார்த்தார். பிறகு, “ஏறு, ஏறு. வீடு எங்க சொல்லு” என்றார்.

நீ, வா, போ! எங்கள் கன்னியாஸ்திரீகள் மடத்துப் பூனையைக்கூட “நீங்கள்” என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டிக்காட்டு ஊர் போலிருக்கிறது என்று பொறுத்துக்கொண்டேன். வழி முழுக்க அவர் கண்ணாடியில் என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார். மாமா என் காதருகே, “என்னம்மா, ஆள் அசந்துட்டான் பாரு!” என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவர்கள் வீடு டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில். பெயர்தான் பிரெஞ்சு. அக்கம்பக்கத்தில் கேட்பதெல்லாம் இங்கிலீஷ். அக்காவுக்குப் பக்கத்து புவாண்ட்-கிளேரில் ஒரு மருந்துக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் வேலை. அந்த வீடு அவளுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை முதல் நாளே பார்த்தேன். ஜன்னல் திரையிலிருந்து மிளகாய்ப்பொடி டப்பா வரை ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து லிவர்பூல், கிளாஸ்கோ, சஸ்கடூன் என்று மூன்று ஊர் மாறி, ஒவ்வொரு ஊரிலும் வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க அனுமதி கேட்டு நின்றவள். இது சொந்தச் சுவர்.

மறுநாள் காலை தோசைக்கு மேப்பிள் பாகு ஊற்றிக்கொடுத்தாள். பதநீர்ப் பாகுக்குத் தம்பி மாதிரி ஒரு ருசி. மூன்று தோசைக்குப் பிறகு பாடத்தை ஆரம்பித்தேன். மாமா ஆஸ்பத்திரியில் லீவு போட்டிருந்தார். தேர்வுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. அரை மணி நேரத்தில் அவர் கொட்டாவி விட்டார்.

“ஆறு வருஷமா இந்த ஊர்ல இருக்கீங்க, மாமா. ஒரு வார்த்தைகூடவா காதுல விழலை?”

“என் நோயாளிங்க எல்லாம் தூங்கறவங்கம்மா. தூங்கறவங்ககிட்ட எந்த பாஷைல பேசினா என்ன? கையைப் பிடிப்பேன், ஊசி போடுவேன், நர்ஸ் ஏதோ சொல்லுவா, அவங்க தூங்கிடுவாங்க. முழிக்கறப்போ நான் அடுத்த ரூம்ல இருப்பேன்.”

வினைச்சொற்களை அவர் கஷாயம் குடிப்பது போல முழுங்கினார். மத்தியானம் வரை நான் கத்தியதில் என் தொண்டைதான் கட்டியது. தலையைப் பிடித்துக்கொண்டு பேப்பரைப் புரட்டியபோதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. நகரத்தில் ஒரு பழைய தியேட்டரில் அந்த வாரம் முழுக்க ராணியம்மாவின் சரித்திரப் படங்கள், தினம் ஒன்று. தெய்வம்தான் அனுப்பியது என்று நினைத்தேன். தெய்வம் இப்படியும் விளையாடும் என்று அப்போது தெரியாது.

அடுத்த நாள் பகல் காட்சிக்குக் கிளம்பினோம். கார் இன்னும் பட்டறையில். பஸ் வரும் என்று நின்ற இடத்தில் வந்தது பனி வாரும் வண்டி. அது வாரிய சேற்றுப் பனியில் பாதி மாமாவின் பேண்ட் மேல் விழுந்தது. பிறகு பஸ், பிறகு மெட்ரோ. மெட்ரோவுக்கு ரப்பர் சக்கரம்; சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வருகிறது. மேலே ஊரெங்கும் அடுத்த வருஷத்து ஒலிம்பிக்குக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பள்ளம் தோண்டுவதில் நம் நகராட்சிக்கு அண்ணன்.

தியேட்டரில் நனைந்த கம்பளி வாடை. ஃபர் கோட்டுப் பெண்மணிகள் நிறையப் பேர், எல்லாரும் கைக்குட்டையோடு வந்திருந்தார்கள். முதல் படத்தில் ராணியம்மா விதவை ராஜமாதா. பட்டத்துக்கு வந்த மகன் சின்னவன். சுற்றிலும் மந்திரிகள் கழுகாட்டம் உட்கார்ந்திருக்கிறார்கள். நம் ராஜா ராணிப் படமாக இருந்தால் இந்த இடத்தில் அரண்மனைத் தூண் அதிர நாலு பக்க வசனம் இருக்கும். ராணியம்மா குரலை உயர்த்தமாட்டார். கூடாரம் போல விரிந்த பாவாடையை ஒரே கையால் ஒதுக்கி உட்காருவார். எதிராளி பேசி முடிக்கும் வரை பார்ப்பார். அப்புறம் ஒரே ஒரு வாக்கியம். அதில் மந்திரிக்கு வேலை போய்விடும்.

மாமா தூங்கவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம். இடைவேளையில், “என்னம்மா இது, அவ்வளவு பெரிய துரோகம் பண்ணியிருக்கான், இந்தம்மா கையுறையை மடிச்சு வெச்சுட்டு ‘தாங்கள் போகலாம்’ங்குது!” என்றார். அந்த வாக்கியத்தைப் பிரெஞ்சிலேயே, ஏற்ற இறக்கத்தோடு சொன்னார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அதற்கடுத்த நாள் நாடு கடத்தப்பட்ட சீமாட்டியின் கதை. வெல்வெட் எல்லாம் விற்றுத் தின்று, அந்நிய ஊரில் அடுத்தவர் துணியைத் துவைத்துப் பிழைக்கிறார். ஈரக் கையோடு கதவைத் திறக்கும்போதும் அதே நிமிர்ந்த கழுத்து. படம் முடிந்து ஒரு சாப்பாட்டுக் கடையில் மாமா வாயைத் திறந்து, “நங்கையே, எம் பசியைத் தணிக்க உகந்தது யாதோ?” என்று கேட்டார். பரிமாறும் பெண் ஒரு கணம் திகைத்துவிட்டு ஒரு தட்டு பீன்ஸ் கொண்டுவந்தாள். தித்திப்பும் உப்புமாக வேகவைத்தது. சுத்த சைவரான மாமா இரண்டு தட்டு சாப்பிட்டார். அடியில் ஒரு துண்டு பன்றிக்கொழுப்பு வந்தபிறகுதான் விஷயம் தெரிந்தது. “இவ்வளவு ருசியா இருக்கேன்னு அப்பவே சந்தேகப்பட்டேன். உங்கக்காகிட்ட சொல்லிடாதே” என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பாலும் ரொட்டியும் வாங்க ஒரு மூலைக்கடையில் நுழைந்தோம். அந்த ஊரில் அதைத் தெப்பனேர் என்பார்கள். கடைக்காரரிடம் நான் என் வழக்கமான மரியாதையோடு கேட்டேன். அவர் கையிலிருந்த சிகரெட்டைக் கீழே வைத்துவிட்டு உள்பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

“ஏ, இங்க வாயேன்! இந்தம்மா பேசறதைக் கேளு. ராஜா காலத்துலேர்ந்து நேரா இங்க வந்து பால் கேக்கறாங்க!”

அவர் மனைவி மாவுக் கையோடு ஓடி வந்தாள். “இன்னொரு தடவை சொல்லு, கண்ணு” என்றாள் என்னிடம். கேலியில் விஷமே இல்லை. சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. மாமா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, நெஞ்சில் கை வைத்துக் குனிந்து, “தங்கள் நல்லாதரவுக்கு என்றும் கடன்பட்டுள்ளோம்” என்று முடித்தார். கடைக்காரரும் பதிலுக்குக் குனிந்தார். காசு வாங்கும்போது கைதட்டினார்.

எனக்குக் காது சுட்டது. டாக்சிக்காரர் ஏன் சிரித்தார் என்பது அப்போதுதான் புரிந்தது. யோசித்துப் பாருங்கள். ஒரு வெள்ளைக்காரர் பாரிமுனையில் பஸ் கண்டக்டரிடம், “நடத்துநர் பெருமானே, அடியேனுக்கு ஓர் அனுமதிச் சீட்டு அருள்வீரா?” என்று கேட்டால் எப்படி இருக்கும்? இருபது வருஷமாக என் பள்ளிப் பிள்ளைகளை நான் அப்படித்தான் பேச வைத்திருக்கிறேன். அதுகூடப் போகட்டும். மூன்று நாளில் தேர்வு. மாமாவை முழு அரண்மனைக்காரராக ஆக்கி வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு ராத்திரியே படத்துக்குத் தடை போட்டேன். மறுநாள் காலையிலிருந்து ரேடியோ, வானிலை அறிக்கை, ஐஸ் ஹாக்கி வர்ணனை. “எங்கே வலிக்குது?”, “சாப்பிட்டாச்சா?”, “ஊசி போடப்போறேன்” என்று தெருப் பேச்சில் எனக்குத் தெரிந்த அளவுக்குச் சுருக்கிச் சுருக்கிச் சொல்லிக்கொடுத்தேன். மாமாவின் முகத்தில் முதல் நாள் பார்த்த கஷாயக் களை திரும்பி வந்தது. சாயங்காலத்துக்குள் பழசும் போய்ப் புதுசும் வராமல், “வணக்கம்” சொல்லவே திக்கினார்.

அக்கா வேலையிலிருந்து வந்து இதைப் பார்த்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

“நல்லா சொல்லிக்குடுப்பேன்னுதானேடி உன்னை வரவழைச்சேன்? சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போய்க் கூத்தடிச்சிருக்கே!”

“அக்கா, எனக்கே தெரியாதுக்கா, இங்க இப்படிப் பேசுவாங்கன்னு.”

“எனக்கு ஒண்ணும் கேக்க வேணாம். மூணு ஊரு பார்த்துட்டேன். ஒவ்வொரு தடவையும் அவர் முன்னாடி போயிடுவார், நான் பின்னாடி பெட்டி கட்டிட்டு வருவேன். இன்னொரு தடவை என்னால முடியாது. இங்கிலீஷ் போதும்னு அவர் டொரண்டோ போனா போகட்டும். நான் இந்த வீட்டை விட்டு வரமாட்டேன்.”

அவள் கத்திச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னாள். கர்வத்தோடு வந்து ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிட்டேனோ என்று அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

தேர்வுக்கு முந்தின நாள், மத்தியானம் பார்த்தால் வீட்டில் மாமாவைக் காணோம். புத்தகம் திறந்தபடி இருக்கிறது, ஆள் இல்லை. எங்கே போயிருப்பார் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு, பட்டறையிலிருந்து வந்திருந்த காரில் என்னை ஏற்றிக்கொண்டு தியேட்டருக்கு விட்டாள். சிவப்பு விளக்கு ஒன்றைக்கூட அவள் சரியாக மதித்த மாதிரி தெரியவில்லை.

மாமா மூன்றாவது வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் தோளைத் தட்டப் போனாள். அதற்குள் திரையில் ராணியம்மா வந்துவிட்டார். வாரக் கடைசிப் படம் அதுதான்; சிறையில் கிடக்கும் பட்டத்தரசி. பொய்முடி இல்லை, நகை இல்லை, ஒற்றை வெள்ளை கவுன். அக்கா என்ன நினைத்தாளோ, பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன்.

கதையில் விடிந்தால் மரணதண்டனை. கூட இருக்கும் பணிப்பெண் சின்னவள், அவளையும் கொண்டுபோகப் போகிறார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் நடுங்குகிறது. ராணியம்மா அவளைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டுச் சொல்கிறார்: “கண்களை மூடிக்கொள்வீராக, என் கண்ணே. தாங்கள் மீண்டும் விழிக்கும் வரை நான் இவ்விடம் விட்டு அகலேன்.” அந்தப் பெண்ணின் மூச்சு மெல்ல மெல்லச் சீராகிறது. ராணியம்மா அவள் கையைப் பிடித்தபடியே விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார்.

ஃபர் கோட்டுகள் எல்லாம் மூக்கை உறிஞ்சின. விளக்கு போட்டபோது மாமாவின் கன்னம் நனைந்திருந்தது. அக்காவைப் பார்த்து அவர் திடுக்கிடவில்லை.

“விசாலம், இதைத்தான் நான் தினம் செய்யறேன். இந்த வேலையைத்தான். ஆறு வருஷமா வாயைத் திறக்காம செஞ்சுட்டிருக்கேன்” என்றார்.

அக்கா திட்டுவதற்கென்று வழி முழுக்கச் சேர்த்துவைத்தது எங்கே போனதென்று தெரியவில்லை. கைக்குட்டையை எடுத்து அவரிடம் நீட்டினாள். திரும்பி வரும்போது மூன்று பேரும் முன்சீட்டிலேயே இடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தோம். மாமா அந்த இரண்டு வாக்கியங்களையும் ஜன்னலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் திருத்தவில்லை. திருத்த அதில் தப்பு ஒன்றும் இல்லை; காலம்தான் இருநூறு வருஷம் தள்ளி இருந்தது.

தேர்வு நகரத்தில் ஓர் அரசாங்கக் கட்டடத்தில் நடந்தது. வராந்தாவில் பெஞ்சு. எங்களுக்கு முன்னால் உள்ளே போய்வந்த ஒருவர் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார். அக்கா என்னிடம் தமிழில் பேசுவதைக் கேட்டதும் நேரே வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், யோகநாதன் என்று பெயர், கணக்காளர்.

“நீங்களும் சோதனைக்கோ? நான் ரெண்டாந்தரம் வாறன். பயப்பிடாதேங்கோ, அக்கா. உள்ளுக்க இருக்கிற மனுசி நல்லவா. ஆனா எல்லாம் தாளில இருக்கிறதுதான். பேர், விலாசம், வேலை, பிறகு ஒரு படத்தைக் காட்டிக் கதைக்கச் சொல்லுவா. தாளுக்கு வெளியில ஒரு கேள்வியும் கேக்கமாட்டா.”

மாமாவைக் கூப்பிட்டார்கள். அக்கா அவர் டையைச் சரிசெய்து அனுப்பினாள். யோகநாதனும் போகாமல் எங்களோடு உட்கார்ந்துகொண்டார். முடிவு என்னவென்று கேட்டுவிட்டுத்தான் போவாராம். தன் கைப்பையிலிருந்து பனங்கற்கண்டு எடுத்துக் கொடுத்தார். அக்கா அதை வாயில் போட மறந்து கையிலேயே வைத்திருந்தாள்.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. மாமாவின் டை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

“என்ன ஆச்சு?” என்றாள் அக்கா.

“முதல்ல பேர், விலாசம் கேட்டாங்க. உளறினேன். அப்புறம் ஒரு படம், சந்தை மாதிரி. அதிலயும் உளறினேன். கத்தரிக்காயை ‘மேன்மை தங்கிய’ன்னு சொல்லிட்டேன்னு நினைக்கறேன். அவங்க எழுதிட்டே இருந்தாங்க.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

“அப்புறம் பேனாவை மூடிட்டாங்க. கண்ணாடியைக் கழட்டினாங்க. ‘டாக்டர், ஆபரேஷனுக்கு முந்தி ஒருத்தி ரொம்பப் பயந்து போயிருக்கா. அவகிட்ட என்ன சொல்வீங்க?’ன்னு கேட்டாங்க.”

“அப்பிடி ஒரு கேள்வி தாளில இல்லையே!” என்றார் யோகநாதன்.

“இவ சொல்லிக்குடுத்தது ஒண்ணும் ஞாபகம் வரலை” என்று மாமா என்னைக் காட்டினார். “ராணியம்மா சொன்னதைத்தான் சொன்னேன். ‘கண்களை மூடிக்கொள்வீராக. தாங்கள் விழிக்கும் வரை நான் இவ்விடம் விட்டு அகலேன்.’ முதல்ல அவங்களுக்குச் சிரிப்பு வந்துச்சு. அப்புறம் சிரிக்கலை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். அப்புறம், நீங்க எந்த ஆஸ்பத்திரி, என்னிக்கெல்லாம் ஆபரேஷன் தியேட்டர்ல இருப்பீங்கன்னு கேட்டாங்க. செவ்வாயும் வியாழனும்னு சொன்னேன்.”

“அது எதுக்கு அவங்களுக்கு? பாஸா, பெயிலா? அதைச் சொல்லுங்க!”

மாமா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பாஸுதான் விசாலம். அடுத்த மாசம் அவங்களுக்கு ஆபரேஷனாம். தேதியை வியாழக்கிழமைக்கு மாத்தி வாங்கிக்கறேன்னாங்க.”